பழைய காரை விற்பதா, எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு, பத்து ஆண்டுகள் ஓடிய சொந்தக் கார் ஒன்று வீட்டில் நிற்கிறது. அதை என்ன செய்வது என்று தமிழ்நாட்டில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வாடகை வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் விதிகள் வேறு என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மெக்கானிக் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு வேலை இருக்கிறது என்கிறார். இந்த வண்டிக்கு இனி அவ்வளவு செலவு செய்யலாமா?

பெரும்பாலானோர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். வண்டியின் இன்றைய விலை இரண்டே கால் லட்சம், அதில் ஐம்பதாயிரத்தைக் கொட்டுவதா என்று மனம் தயங்குவது இயல்புதான். ஆனால் பழுதுபார்க்கும் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் விடை தவறிப்போகும். அந்தச் செலவைச் செய்யாமல் வேறு வண்டி வாங்கினால் அடுத்த மூன்று ஆண்டுகளில் கையை விட்டு எவ்வளவு போகும் என்பதோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 2015இல் பதிவான பெட்ரோல் ஹேட்ச்பேக். 95,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பக்க ஷாக் அப்சார்பரும் லோயர் ஆர்மும் 14,000, கிளட்ச் செட் 9,000, நான்கு டயர்கள் 16,000, பேட்டரி 5,000, ஏ.சி. வேலை 8,000 என்று மொத்தம் ரூ.52,000 ஆகிறது. மூன்று ஆண்டுகளுக்கு வழக்கமான சர்வீஸ் 24,000, காப்பீடு 27,000. இன்று 2,30,000க்குப் போகும் வண்டி மூன்று ஆண்டு கழித்து 1,30,000க்குப் போகும் என்று வைத்தால், விலை இறக்கம் ஒரு லட்சம். எல்லாம் சேர்த்து 2,03,000. மாதத்துக்கு ஏறத்தாழ 5,600 ரூபாய்.

இனி புதிய கார். விலை ரூ.7 லட்சம், ரோட்டுக்கு வரும்போது ரூ.8.5 லட்சம். பழைய காரை விற்ற பணத்தோடு கொஞ்சம் சேர்த்து முன்பணம் கட்டி, மீதி 6 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுக்கிறீர்கள். மாதத் தவணை 12,455 வரும். முதல் மூன்று ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 1,20,000க்கு மேல் போய்விடும். மூன்று ஆண்டு கழித்து அந்தக் கார் 5.5 லட்சத்துக்குப் போனால் விலை இறக்கம் 3 லட்சம். அடுத்தடுத்த ஆண்டுகளின் காப்பீட்டுக்கு 30,000, சர்வீசுக்கு 20,000. மொத்தம் 4,70,000, மாதம் சுமார் 13,000 ரூபாய்.

இந்தத் தொகைகள் என் மதிப்பீடு. உங்கள் ஊரின் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். அநேகமாக நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டியே வெல்லும். ஐம்பதாயிரம் ஒரே நாளில் கையை விட்டுப் போவதால் வலிக்கிறது. விலை இறக்கமும் வட்டியும் சத்தமில்லாமல் போவதால் வலிப்பதில்லை. இதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை.

அப்படியானால் எந்தப் பழுது வந்தால் விற்றுவிட வேண்டும்?

தேயும் பொருள், அழியும் பொருள் என்று பிரித்துப் பாருங்கள். டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவை தேய்வதற்கென்றே இருப்பவை. மாற்றினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். அவற்றுக்காக வண்டியை விற்கக் கூடாது. பாடியின் அடிச்சட்டம் துருப்பிடித்தது, எஞ்சின் சூடாகி ஹெட் வளைந்தது, கியர்பாக்ஸ் உள்ளே உடைந்தது, வயரிங்கில் தண்ணீர் ஏறியது ஆகியவை வேறு வகை. இவற்றுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் அடுத்த பழுது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். கறுத்த எண்ணெய்ப் படலம் இருந்தால் கவலையில்லை. கடைந்த மோரில் ஒதுங்கும் வெண்ணெயைப் போல வெளிறிய பசை ஒட்டியிருந்தால், எண்ணெயோடு ஈரம் கலக்கிறது என்று பொருள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியிலும் இது சிறிதளவு படியும் என்பதால் உடனே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். கூலன்ட் டப்பாவில் நீர்மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டு, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். தரையில் எங்கும் ஒழுகாமலே மட்டம் இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சோதிக்க வேண்டும். வண்டியை வைத்துக்கொள்ளும் முடிவை அந்தச் சோதனைக்குப் பிறகே எடுங்கள்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வெளியே நிறுத்தப்படும் வண்டிகளை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்ப்பது கட்டாயம். மேலே பளபளக்கும் வண்டியின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் தகடு பொடிப்பொடியாக உதிர்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலைக்குப் போன வண்டியை டிங்கரிங் செய்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பதினைந்து ஆண்டு முடிந்தால் காரை ஓட்டவே கூடாதாமே?

தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. பத்தாண்டு டீசல், பதினைந்தாண்டு பெட்ரோல் வண்டிகள் பற்றிய கட்டுப்பாடு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகளாலும் 2018இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையாலும் தலைநகர் டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. அந்தச் செய்தியைக் காட்டி இங்கே விலையைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி அவசரமாக விற்க வேண்டியதில்லை.

இங்கே சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000 ஆனது. இருபது ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது. பதிவு முடிய ஓராண்டே இருக்கும் வண்டியை வாங்குபவர் அந்த அலைச்சலையும் செலவையும் விலையில் கழித்துத்தான் கேட்பார். ஆகவே விற்கும் எண்ணம் இருந்தால் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டிலேயே விற்றுவிடுங்கள். இல்லையென்றால் பதிவைப் புதுப்பித்து நீங்களே ஓட்டுங்கள்.

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் தருகிறார்கள். அது லாபமா?

போனஸ் என்ற சொல்லைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று எண்களைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். முதலாவது, பழைய வண்டி எதையும் கொடுக்காமல் புதிய காரை வாங்கினால் அவர்கள் தரும் கடைசித் தள்ளுபடி விலை. இரண்டாவது, உங்கள் பழைய காருக்கு மட்டும் அவர்கள் போடும் விலை. மூன்றாவது, எக்ஸ்சேஞ்ச் என்பதற்காகத் தயாரிப்பு நிறுவனம் கூடுதலாகத் தரும் தொகை. இம்மூன்றையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்லும்போதுதான் பணம் பறிபோகிறது. பழைய வண்டிக்கு இருபதாயிரம் கூடுதலாகத் தந்ததுபோல் காட்டி, புதிய காரின் தள்ளுபடியில் முப்பதாயிரத்தைப் பிடித்துக்கொள்வது எளிது.

பிறகு வெளியே விற்றால் கிடைக்கும் விலையை விசாரியுங்கள். ஷோரூம் தருவது 1,80,000, போனஸ் 25,000, வெளியே 2,30,000 என்றால் வேறுபாடு இருபத்தைந்தாயிரம். அந்தத் தொகைக்காக இரண்டு மூன்று வாரம் ஆட்களுக்கு வண்டி காட்டவும், ஓட்டிப் பார்க்க உடன் போகவும், பெயர் மாற்றத்துக்கு அலையவும் உங்களால் முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. வயதான பெற்றோர் மட்டும் வீட்டில் இருந்து, பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் எக்ஸ்சேஞ்சே நல்லது என்று தயங்காமல் சொல்வேன். வேறுபாடு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் வெளியே விற்கும் வழியைப் பாருங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்தால் புதிய வண்டிக்கான வரி குறையும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படி உண்டு, இங்கே இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரி, 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். ஏழு லட்ச ரூபாய்க் காருக்கு 91,000 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது. பழைய வண்டியை எங்கே கொடுத்தாலும் இந்தத் தொகை குறையாது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற கணக்கில் பலர் மறப்பதும் இதைத்தான்.

ஜி.எஸ்.டி. குறைந்ததால் பழைய கார் விலையும் விழுந்துவிட்டதா?

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு (பெட்ரோல் 1,200 சி.சி. வரை, டீசல் 1,500 சி.சி. வரை) ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் அதற்கு மேல் இழப்பீட்டு வரியும் இருந்தன. புதியது மலிந்தால், ஓரிரு ஆண்டுகளே ஓடிய அதே மாடலின் விலை முதலில் இறங்கும். பத்தாண்டு வண்டியை அது அவ்வளவாகத் தொடாது. ஆகவே 2023, 2024இல் வாங்கிய சிறிய காரை இப்போது விற்க நினைப்பவர்கள், வாங்கிய விலையை மனத்தில் வைத்துப் பேரம் பேசக் கூடாது. இன்றைய புதிய விலையிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும்.

தனிநபர் தம் சொந்தக் காரை இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. பதிவுபெற்ற வியாபாரி விற்கும்போது அவருக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது மட்டும் 18 சதவீதம் உண்டு.

டீசல் காரை என்ன செய்வது?

ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதே இதற்கு விடை. வாரந்தோறும் மதுரைக்கும் திருச்சிக்கும் போய்வருபவர் வைத்துக்கொள்ளட்டும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் டீசல் வண்டியை விற்றுவிடுவதே நலம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடினால் அடைத்துக்கொண்டு பெரிய செலவு வைக்கும்.

இ20 பெட்ரோலால் என் பழைய வண்டி கெட்டுவிடும் என்கிறார்களே?

இ20 என்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023க்கு முன் வந்த பல கார்கள் பத்து சதவீத எத்தனாலுக்கு ஏற்பவே அமைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தந்த வண்டி 15 தரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டினால் கூடுதலாகச் சுமார் 33 லிட்டர் செலவாகும். அதற்காக லட்சங்களைச் செலவிட்டு வண்டியை மாற்றுவது கணக்குக்கு ஒத்துவராது. எரிபொருள் குழாய்களிலும் ரப்பர் வளையங்களிலும் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீசிலும் கேட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் பெட்ரோலோடு வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

நிறுவனமே இந்தியாவில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனியும் வைத்துக்கொள்ளலாமா?

செவர்லே 2017 இறுதியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, மறைமலை நகர் ஆலையையும் மூடியது. இத்தகைய வண்டிகளுக்குச் சந்தை விலை ஏற்கெனவே விழுந்துவிட்டது. விற்றால் இழப்பு உங்களுக்கு, லாபம் வாங்குபவருக்கு. ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் பாகங்கள் இன்னும் புழக்கத்தில் கிடைக்கும் மாடலாக இருந்து, அந்த வண்டியைத் தெரிந்த ஒரு மெக்கானிக்கும் பக்கத்தில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, கண்ணாடி, பம்பர், எலெக்ட்ரானிக் பெட்டிகள் கிடைப்பதுதான் கடினமாகும். அவற்றுள் ஒன்று உடையும் நாளில் கேள்வியை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. மறைத்து விற்கப்பட்டவை இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. விவரம் தெரிந்தவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பார், சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தின் துருவைத் தடவிப் பார்ப்பார், ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். தெரியாதவரின் வண்டியில் ஈரம் ஏறிய வயரிங் என்றோ ஒருநாள் நெடுஞ்சாலையில் கைவிடும். உள்ளே குழந்தைகள் இருப்பார்கள். விலை முப்பதாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லி, எழுத்தில் கொடுத்து விற்றுவிடுங்கள்.

எந்த மாதத்தில் விற்றால் நல்ல விலை கிடைக்கும்?

ஆடியில் நம் ஊரில் வண்டி வாங்குவோர் குறைவு. விற்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆவணியிலிருந்து ஆயுத பூசை, தீபாவளி வரை கிராக்கி இருக்கும். சனவரி பிறந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடிவிட்டதாகவே பேரத்தில் கணக்கிடுவார்கள் என்பதால் டிசம்பருக்குள் முடிப்பது உத்தமம். புதிய கார் வாங்குவோருக்கு இது அப்படியே தலைகீழாகும். ஆடியிலும் டிசம்பரிலும்தான் தள்ளுபடி அதிகம்.

காப்பீட்டில் இருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போய்விடுமா?

போகாது, அது வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கிளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். விற்றவுடன் காப்பீட்டு நிறுவனத்திடம் என்.சி.பி. சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியம் 18,000 என்றால் ஒன்பதாயிரம் மிச்சம். எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது யாரும் இதை நினைவூட்டுவதில்லை.

வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், பெயரை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம் என்று புரோக்கர் சொல்கிறார். நம்பலாமா?

நம்பக் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

என் நெருங்கிய உறவினர் ஒருவர் தம் காரை ஒரு தரகர் மூலம் விற்றார். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதப்படாத இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) சாவியையும் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று ஆண்டு கழித்து, அவர் போயே இராத ஓர் ஊரிலிருந்து வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் சம்மன் வந்தது. வண்டி மூன்று கை மாறியிருந்தது, காப்பீடு காலாவதியாகியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் அவர் பெயரே இருந்தது. அன்று அவர் கையில் இருந்த ஒரே சான்று, வாங்கியவரின் கையெழுத்துகூட இல்லாத ஒரு டைரிக் குறிப்பு. எழுபது வயதில் வழக்கறிஞர் அலுவலகத்தின் படி ஏறி இறங்கிய அவரோடு நானும் போயிருக்கிறேன்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பல கை மாறியும் பதிவில் பெயர் மாறாத ஒரு வண்டியின் வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவரும், 30 நாட்களுக்குள் வாங்குபவரும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் செய்வார் என்று காத்திருக்காமல் உங்கள் பங்கை நீங்களே முடியுங்கள்.

வியாபாரியிடம் கொடுப்பதாக இருந்தால் வேறொரு பாதுகாப்பு உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி மூலம் அதைப் பதிவு செய்யலாம். அதன்பின் விற்கும் வரை வண்டிக்கு அவரே பொறுப்பு. அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஐந்தாயிரம் குறைத்துத் தந்தாலும் சான்று உள்ள வேறொருவரிடமே கொடுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும்?

வங்கிக் கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்காது; வங்கியின் தடையின்மைச் சான்றையும் ஃபார்ம் 35ஐயும் கொடுத்து அதை முன்பே நீக்கிவைத்திருங்கள். இது பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவைச் சலான்களைப் பார்த்துக் கட்டிவிடுங்கள். பணம் முழுவதும் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

டெலிவரி நோட்டை இரண்டு படிகளாக எழுதுங்கள். நாள் மட்டும் போதாது. நேரத்தையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் எழுதி, இன்ன நேரத்துக்குப் பிறகு நடக்கும் விபத்துக்கும் அபராதத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு என்று குறிப்பிட்டு, அவர் கையெழுத்தையும் அடையாள அட்டை நகலையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து கிழித்தால் மட்டும் போதாது; கணக்கையும் மூட வேண்டும். வண்டிக்குள் இருக்கும் புளூடூத் திரையில் உங்கள் தொலைபேசி எண்கள் பதிந்திருந்தால் அழித்துவிடுங்கள். பதினைந்து நாள் கழித்து எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். உரிமையாளர் பெயரின் எழுத்துகள் உங்களுடையவையாகவே இருந்தால் வாங்கியவரை அன்றே அழையுங்கள். மாறும் வரை வாரம் ஒருமுறை பாருங்கள்.